பாக்கெட்டைக் காட்டு

குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு சூப்பர் மார்க்கெட், ஜவுளிக்கடை என்று போகிறவர்கள் எல்லோரும் இதை ஒருமுறை படிச்சிருங்க. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா வாங்க.

சில மாதங்களுக்கு முன் ஓபியில் ஒரு அம்மா ஏழு வயசுப் பையனோடு வந்தாங்க. (அடையாளம் தெரியாமல் இருக்க விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.) "சார், மூணு வயசுலயே நின்னு போச்சு. இப்ப ரெண்டு வாரமா மறுபடியும் ராத்திரி பாயிலயே போயிடறான்."

பிறந்ததில் இருந்தே நிற்காமல் இருப்பது வேறு. ஆறு மாதத்துக்கு மேல் சுத்தமாக நின்று, திரும்ப ஆரம்பித்தால் அதற்கு செகண்டரி எனுரெசிஸ் என்று பெயர். முதலில் உடம்பில் காரணம் தேடணும். சிறுநீரில் கிருமித்தொற்று இருக்கா, ரத்தத்தில் சர்க்கரை கூடியிருக்கா, மலச்சிக்கல் இருக்கா என்று பார்த்தோம். எல்லாம் நார்மல்.

அடுத்தது மனசு. "வீட்டுல ஏதாச்சும் சண்டையாம்மா? ஸ்கூல்ல யாராவது அடிச்சாங்களா?" என்று கேட்டேன். இல்லைன்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, தயங்கித் தயங்கி, "கடையில ஒண்ணு நடந்துச்சு சார்" என்றார்கள்.

அந்த அம்மா சித்தாள் வேலை. சனிக்கிழமை கூலி வாங்கிய கையோடு, சிமெண்டு ஒட்டிய புடவையோடு பையனைக் கூட்டிக்கொண்டு சாமான் வாங்கப் போயிருக்காங்க. வாசலில் நிறுத்திவிட்டார்கள். பையன் சட்டைக்குள்ள எதையோ ஒளிச்ச மாதிரி இருந்ததாம். அத்தனை பேர் முன்னாடி சட்டையைக் கழற்ற வைத்திருக்கிறார்கள். உள்ளே விலா எலும்புதான் இருந்தது. "சரி, போ" என்று சொல்லியிருக்காங்க. அவ்வளவுதான். பில் போட்ட அரிசி, எண்ணெயைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

நான் மருந்து எதுவும் எழுதவில்லை. "பாய் நனைஞ்சா திட்டாதீங்க. நீ எதையும் எடுக்கலைன்னு அம்மாவுக்குத் தெரியும்னு தினமும் ஒரு தடவை சொல்லுங்க" என்றேன். அடுத்த மாதம் வந்தார்கள். பாய் நனைவது குறைந்திருந்தது. ஆனால் பையன் கடைக்குள் வருவதில்லை, வெளியிலேயே நின்றுகொள்கிறான் என்றார்கள்.

இப்ப என் கதை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் கொல்லையில் மோட்டாரைப் பார்த்துவிட்டு, அதே கைலி, மண் ஒட்டிய கால் செருப்போடு பக்கத்து டவுனில் ஒரு கடைக்குப் போனேன். கூட என் மகள், ஒன்பது வயசு. அண்ணன் மகன், ஆறு வயசு. உள்ளே நுழைந்ததில் இருந்து ஒரு தம்பி எங்க பின்னாடியே வந்தார். நாங்க பிஸ்கட் பக்கம் போனால் அவர் பிஸ்கட்டை அடுக்குவார். சோப்புப் பக்கம் போனால் சோப்பு அடுக்குவார். மகள் ஒரு பென்சில் பாக்ஸை எடுத்தால் "பாப்பா, வாங்குறதா இருந்தா எடு."

பில் போட்டுவிட்டு வெளியே வரும்போது செக்யூரிட்டி நிறுத்தினார். "அண்ணே, பையன் பாக்கெட்டைக் காட்டச் சொல்லுங்க."

"என்ன எடுத்தான்? யாராச்சும் பாத்தீங்களா?"

"அதில்லண்ணே. எல்லாரையும் செக் பண்றதுதான்."

எங்களுக்கு முன்னாடி கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு ஒருத்தர் குடும்பத்தோடு போனார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

நான் டாக்டர்னு சொல்லலை. சொல்லியிருந்தா ஒரு நொடியில் முடிஞ்சிருக்கும். ஆனால் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம்? டாக்டர் வீட்டுப் பையனைச் சோதிக்கக் கூடாது, சித்தாள் வீட்டுப் பையனைச் சோதிக்கலாம்னுதானே?

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் மகன் தானாகவே டவுசர் பாக்கெட்டை வெளியே இழுத்துவிட்டான். ரெண்டு கோலிகுண்டு. வீட்டில் இருந்து பேப்பரில் சுருட்டி எடுத்து வந்த பாதிக் கடலைமிட்டாய். ஒரு குண்டு உருண்டு பில் கவுண்டருக்கு அடியில் போய்விட்டது.

அதை எடுக்கக் குனிந்த பில் போடும் பெண் என்னை நிமிர்ந்து பார்த்து, "ஐயோ, டாக்டர் சார்!" என்றார். அவங்க மாமியாருக்கு எங்க ஆஸ்பத்திரியில்தான் சுகர் மாத்திரை வாங்குகிறார்கள்.

அதற்கு அப்புறம் நடந்ததைச் சொல்லவே வேண்டாம். மேனேஜர் ஓடி வந்தார். நாற்காலி வந்தது. "சார், முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? நீங்கன்னு தெரிஞ்சிருந்தா..."

"தெரியலைன்னா?" என்று கேட்டேன். பதில் இல்லை.

"மன்னிப்பை அவன்கிட்ட கேளுங்க" என்றேன். சிரித்துக்கொண்டே ஒரு சாக்லேட்டை நீட்டினார். பையன் கையைப் பின்னாடி கட்டிக்கொண்டான். பைக்கில் வரும்போது ஏன்டா வாங்கலைன்னு கேட்டேன். "வாங்கினா அதுக்கும் பில் கேப்பாங்க சித்தப்பா" என்றான்.

சிமெண்டுப் புடவையோடு நின்ற அந்த அம்மாவை அடையாளம் தெரிந்துகொள்ள எந்தக் கவுண்டரிலும் ஆள் இல்லை.

இதில் ஒரு மருத்துவ விஷயம் இருக்கு. யாராவது உற்றுப் பார்த்தாலே உடம்பில் அட்ரினலின் சுரக்கும். நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும், வாய் உலரும். குழந்தை தரையைப் பார்க்கும், கையைப் பாக்கெட்டுக்குள் விடும், நம்ம காலுக்குப் பின்னாடி ஒளியும். பயந்த குழந்தையும் இப்படித்தான் இருக்கும், திருடின குழந்தையும் இப்படித்தான் இருக்கும். பின்னாடியே வருகிறவர்தான் அந்தப் பயத்தை உண்டாக்குகிறார். பிறகு அதையே "முழி சரியில்ல" என்கிறார்.

எங்களுக்கு இது பழக்கமான சிக்கல். டாக்டரைப் பார்த்ததும் பிரஷர் ஏறும் ஆட்கள் உண்டு, வைட் கோட் ஹைப்பர்டென்ஷன் என்போம். அந்த ஒரு அளவை வைத்து யாருக்கும் ஆயுசுக்கும் மாத்திரை எழுத மாட்டோம். உட்கார வைத்து, மறுபடி பார்ப்போம்.

சரி, உங்களுக்கு நடந்தால் என்ன செய்யலாம்? வக்கீல் நண்பர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். வெறும் சந்தேகத்தை வைத்து உங்களையோ குழந்தையையோ தொட்டுச் சோதிக்கக் கடைக்காரருக்கு அதிகாரம் கிடையாது. போலீஸே சோதித்தாலும் பெண்களைப் பெண் போலீஸ்தான் சோதிக்கணும். சட்டப்படி காரணமில்லாமல் அறையில் உட்கார வைத்துப் பூட்டுவது குற்றம், பாரதிய நியாய சன்ஹிதா 127-வது பிரிவு. அதே சட்டத்தின் 20-வது பிரிவு, ஏழு வயசுக்குக் கீழே உள்ள குழந்தை செய்வது எதுவும் குற்றமே ஆகாது என்கிறது. "பத்து மடங்கு ஃபைன் கட்டு, இல்லைன்னா போட்டோவை ஒட்டுவேன்" என்று மிரட்டினால் கட்டாதீங்க. "போலீஸைக் கூப்பிடுங்க, கேமராவைப் போட்டுப் பாக்கலாம்" என்று சத்தம் போடாமல் சொல்லுங்க. நுகர்வோர் உதவி எண் 1915.

அதைவிட முக்கியம், அங்கே நிற்கும்போது குழந்தையைத் திட்டாதீங்க. நிறைய பேர் அவமானத்தில் முதல் அடியைப் பிள்ளைக்குத்தான் கொடுக்கிறார்கள். அந்த வயசில் "என்னைச் சந்தேகப்பட்டாங்க" என்பதும் "நான் தப்பு செஞ்சேன்" என்பதும் குழந்தைக்கு ஒன்றுதான். தோளில் கை வைத்துப் பக்கத்தில் நிறுத்திக்கோங்க.

கடை ஊழியர்களைத் திட்டி கமெண்ட் போட வேண்டாம். அவர்களையும் நான் ஓபியில் பார்க்கிறேன். காலில் நரம்பு சுருண்டு, கணுக்கால் கறுத்து வருவார்கள். வெரிகோஸ் வெயின். ஊழியர்கள் உட்கார இருக்கை தரணும் என்று 2021-இலேயே தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்துவிட்டது. போன வாரம் வந்த ஒரு பெண்ணிடம், "ஸ்டூல் போட்டிருக்காங்களாம்மா?" என்று கேட்டேன்.

"இருக்கு சார். உக்காந்தாதான் கேமராவுல பாத்து போன் வரும்."

பின்னாடியே போய்ப் பார்க்கச் சொல்வது யார் என்று கேட்டேன். சரக்கு குறைந்தால் அந்த செக்‌ஷன்காரங்க சம்பளத்தில் பிடிப்பார்களாம். "யாரைப் பாத்துக்கணும்னு சூப்பர்வைசர் கண்ணாலயே காட்டுவார் சார். ராத்திரி வீட்டுக்குக் கிளம்பும்போது எங்க பையையும்தான் பிரிச்சுக் கொட்டிப் பாக்குறாங்க. டிபன் பாக்ஸைக் கூடத் திறந்து காட்டிட்டுத்தான் வரணும்."

ஸ்டாக்கிங்ஸ் எழுதிக் கொடுத்தேன். ராத்திரி காலுக்குத் தலையணை வைத்துப் படுக்கச் சொன்னேன்.