முதலில் பிளக்கைக் கழற்று

ஹூஸ்டன்

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். நீ ஸ்டார்ட்டர் கயிற்றை இழுக்கிற இழுப்பில் அந்த ரிமோட் கண்ட்ரோல் வண்டியே தரையை விட்டு எழும்புகிறது, இன்ஜின் மட்டும் எழுந்திருக்கவில்லை. அதைவிட என்னைப் பதறவைத்தது வேறு. இரண்டு இழுப்புக்கு ஒரு தரம் ஸ்க்ரூடிரைவரை எடுத்து கார்புரேட்டர் நீடிலைத் திருகுகிறாயே, அதுதான். தயவுசெய்து அதைக் கீழே வை. போன வருஷம்வரை ஒருவர் கையில் ஓடிக்கொண்டிருந்த வண்டி அது. நீடில்கள் ஏறக்குறைய சரியான இடத்தில்தான் இருந்திருக்கும். கிளம்பாத நைட்ரோ இன்ஜினில் கடைசியாகத் தொட வேண்டியது நீடில். எல்லோரும் அதைத்தான் முதலில் தொடுகிறார்கள்.

பங்க் பெட்ரோலை ஊற்றினால் என்ன என்று கேட்டிருக்கிறாய். ஓடாது. பெட்ரோல் வண்டியில் பிளக் சுற்றுக்குச் சுற்று பொறி தட்டும். இதில் பொறியே கிடையாது. குளோ பிளக்குக்குள் பிளாட்டினம் கலந்த மெல்லிய சுருள்கம்பி ஒன்று இருக்கிறது. கிளப்பும்போது மட்டும் இக்னைட்டர் என்ற சின்ன பேட்டரியால் அதைச் சிவக்க வைக்கிறோம். ஓட ஆரம்பித்ததும் பேட்டரியை எடுத்துவிடலாம். ஃபியூலில் உள்ள மெத்தனாலின் ஆவி பிளாட்டினத்தில் படும்போது உண்டாகும் சூடும், முந்தைய எரிப்பின் சூடும் சேர்ந்து கம்பியை அணையவிடாது. ரே ஆர்டன் என்ற அமெரிக்கர் 1947-ல் இந்தப் பிளக்கைக் கொண்டுவந்தார். அதுவரை இன்ஜின் வைத்த பொம்மை விமானங்கள்கூடப் பெரும்பாலும் காயிலையும் பேட்டரியையும் சுமந்துகொண்டுதான் பறந்தன. பெட்ரோல் அந்தக் கம்பியை இப்படிக் கனலவைக்காது. போதாததற்கு, இந்த இன்ஜினுக்கென்று தனியாக ஆயில் கிடையாது. ஃபியூலில் கலந்து வரும் ஆமணக்கெண்ணெயும் செயற்கை எண்ணெயும்தான் பிஸ்டனைக் காப்பாற்றுகின்றன.

வண்டியோடு பழைய சொந்தக்காரர் கொடுத்த பாதி டப்பா ஃபியூலை நம்பாதே. மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மூடி சரியாக மூடாமல் ஒரு கோடை கிடந்திருந்தால் போதும், கெட்டிருக்கும். இந்த ஊர்ப் புழுக்கத்துக்குப் பயந்தே நான் சின்ன டப்பாவாகப் பார்த்து வாங்குகிறேன். நைட்ரோமீத்தேன் 20 சதவீதம் உள்ள புது டப்பா ஒன்று வாங்கு. பழையதைச் சாக்கடையில் கொட்டாமல், அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடு. மெத்தனால் விஷம், கண்ணையே பறித்துவிடும். அதன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. ஆகவே கராஜுக்குள் வேண்டாம், வெளியே வைத்து வேலை செய்.

இனி பிளக். அதைக் கழற்றி இக்னைட்டரில் மாட்டிப் பார். சுருள் முழுவதும் பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் கனல வேண்டும். பாதிதான் கனல்கிறதென்றால் தூக்கிப்போடு. மொத்தமுமே மங்கலாக இருந்தால் பிளக்கைக் குறை சொல்லாதே, இக்னைட்டரைச் சார்ஜ் செய். கழற்றிய கையோடு இன்னொன்றையும் பார்த்துக்கொள்: பிளக் நனைந்திருந்ததா, காய்ந்திருந்ததா? மற்ற எல்லாமே இதற்கான பதிலைப் பொறுத்தது.

காய்ந்திருந்தால் ஃபியூல் வந்து சேரவில்லை. சைலன்சர் வாயை விரலால் அடைத்துக்கொண்டு ஓரிரு முறை சிறிதாக இழு. டியூபில் ஃபியூல் நகர்ந்து கார்புரேட்டரைத் தொடுவது கண்ணுக்குத் தெரியும். தொட்டதும் விரலை எடுத்துவிடு. நகரவே இல்லையென்றால் டேங்கைச் சந்தேகப்படு. சைலன்சரிலிருந்து டேங்குக்குப் போகும் டியூப் வழியாக வரும் அழுத்தம்தான் ஃபியூலைத் தள்ளுகிறது. மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தாலோ, டியூபில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலோ அந்த அழுத்தம் நிற்காது. டேங்கைக் கழற்றி, ஒரு டியூபை மடித்துப் பிடித்து, இன்னொன்றில் புது டியூப் துண்டு மாட்டி ஊது. தண்ணீரில் முக்கினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் வீடியோவில் கயிறு பாதியில் சிக்கிச் சிக்கி நிற்பதைப் பார்த்தால், உன் பிளக் நனைந்துதான் இருக்கும் என்று நினைக்கிறேன். சேம்பருக்குள் ஃபியூல் தேங்கிவிட்டால் பிஸ்டன் மேலே வர இடமில்லை. காற்று அமுங்கும், திரவம் அமுங்காது. முரட்டுத்தனமாக இழுத்தால் கனெக்டிங் ராடு வளையும், இல்லை ஸ்டார்ட்டர் போகும். பிளக்கைக் கழற்றி, வண்டியைக் கவிழ்த்து, துணியைப் போர்த்தி மெதுவாக நாலைந்து இழுப்பு இழு. முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதே, பீச்சி அடிக்கும். அப்பா மழைக்காலத்தில் மொபெட் பிளக்கைக் கழற்றித் துடைத்துவிட்டு, பிளக் இல்லாமலே மிதிப்பாரே, அதே வேலைதான்.

உன் ஊர்க் குளிரும் ஒரு காரணம். இந்த இன்ஜின்களில் பிஸ்டன் ஓடும் ஸ்லீவ் மேல்பக்கம் கொஞ்சம் குறுகலாக இருக்கும். சூடேறும்போது விரிந்து பிஸ்டனுக்குச் சரியாகப் பொருந்த வேண்டும் என்பதற்காகவே அப்படிக் கடைந்திருக்கிறார்கள். மினியாபொலிஸ் ஏப்ரல் காலையில் அது பிஸ்டனை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஹேர் டிரையரால் இன்ஜின் தலையைச் சில நிமிஷம் சூடாக்கிவிட்டு இழுத்துப் பார், வித்தியாசம் கையிலேயே தெரியும். மாறாக, பிளக்கை மாட்டிய பிறகும் எந்த இறுக்கமும் இல்லாமல் வழவழவென்று சுற்றினால் பிஸ்டனும் ஸ்லீவும் தேய்ந்துவிட்டன என்று அர்த்தம். அநேகமாக ஏர் ஃபில்டருக்கு எண்ணெய் போடாமல் மண்ணில் ஓட்டியிருப்பார்கள். அதற்கு வைத்தியம் கிடையாது, புதிதாகத்தான் மாற்ற வேண்டும்.

இதெல்லாம் முடிந்த பிறகு நீடிலுக்கு வா. நீ திருகியதற்குக் கணக்கு இருக்காது. அதனால் முட்டும்வரை மெதுவாக மூடிவிட்டு, மேனுவலில் சொல்லியிருக்கும் சுற்றுகள் மட்டும் திற. வலப்பக்கம் திருகினால் ஃபியூல் குறையும், இடப்பக்கம் திருகினால் கூடும். அதற்குமேல் மாற்றுவதானால் கால் சுற்றில் பாதி, அவ்வளவுதான். மாற்றிய பிறகு ஒரு ஓட்டம் ஓட்டிப் பார்க்காமல் அடுத்த திருகு கூடாது. வேகமாகப் போகும்போது பின்னால் புகை தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். புகை நின்றால் எண்ணெயும் குறைந்துவிட்டது என்று பொருள். இன்ஜின் தலை 220-லிருந்து 270 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் இருக்கட்டும். ஐடிலில் ஓடும்போது ஃபியூல் டியூபை நசுக்கிப் பிடித்துப் பார்: இரண்டு மூன்று விநாடி ஓடி, லேசாக வேகமெடுத்து அணைந்தால் நல்லது. பட்டென்று அணைந்தால் ஐடிலுக்கான லோ நீடிலில் ஃபியூல் போதவில்லை, ரொம்ப நேரம் ஓடினால் அதிகம். ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் வேகம் இறங்காமல் கத்திக்கொண்டிருந்தால் கார்புரேட்டர் அடியிலோ பின்மூடியிலோ காற்று கசிகிறதா என்று முதலில் பார்.

ஓட்டி முடித்ததும் டேங்கைக் காலி செய்து, மிச்சம் எரிந்து அணையும்வரை ஓடவிடு. பிறகு ஆஃப்டர்-ரன் ஆயில் சில சொட்டு விட்டு இழுத்து வை, இல்லையென்றால் பேரிங் துருப்பிடிக்கும். பிஸ்டனைக் கீழே நிறுத்தி வைப்பது நல்லது.

உன் மருமகன் பக்கத்தில் உட்கார்ந்து, "மாமாவை எலக்ட்ரிக் வாங்கச் சொல்லும்மா" என்கிறான். அவன் சொல்வது நியாயம்தான். பேட்டரியை மாட்டினால் ஓடும், சத்தமில்லை, கையில் நாற்றமில்லை. உனக்கு அந்தச் சத்தமும் நாற்றமும்தானே வேண்டியிருக்கிறது! அத்தானும் அந்தக் கட்சிதான். ஞாயிறு காலை எட்டு மணிக்கே கிளப்பிவிடுகிறார், பக்கத்து வீட்டுக்காரர் எங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

நாளைக்கே பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு, ஈரமா காய்ந்ததா என்று மட்டும் எழுது. அதுவரை கயிற்றை இழுக்காதே.

அன்புடன்,
அக்கா