கிருஷ்ணன், ஆர்.

ஓர் ஆங்கில ஆய்விதழுக்கான கட்டுரையை முடித்தபோது இரவு பதினொரு மணி. மேற்கோள் பட்டியலை ஜொடேரோ பார்த்துக்கொள்ளும் என்ற நிம்மதி. முனைவர் பட்ட நாட்களில் ஒவ்வொரு நூலுக்கும் ஓர் அட்டை எழுதி, செருப்புப் பெட்டியில் அடுக்கி வைத்தவள் நான். 2006இல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவான இந்த இலவச மென்பொருள் அந்த வேலையை நொடியில் முடித்துவிடுகிறது.

பட்டியலில் ராஜம் கிருஷ்ணனைத் தேடினேன். ‘ஆர்’ வரிசையில் இல்லை. ‘கே’யில் இருந்தார்: கிருஷ்ணன், ஆர்.

தூத்துக்குடி உப்பளங்களில் அலைந்து ‘கரிப்பு மணிகள்’ எழுதியவர், 1973இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். அவர் பெயர் ஓர் எழுத்தாகிவிட்டது. முழுதாக நின்றது கணவர் பெயர். என் பழைய கட்டுரையைப் பார்த்தேன். அங்கேயும் அப்பா முழுதாக இருந்தார், நான் ஓர் எழுத்தாக. கடைசியில் வருவது குடும்பப்பெயர் என்று மென்பொருளுக்குப் பழக்கியிருக்கிறார்கள். நமக்குக் கடைசியில் வருவது பெரும்பாலும் ஓர் ஆண்.

பெயர்ப் பெட்டியின் பக்கத்தில் சின்னக் குறி ஒன்று உண்டு. சொடுக்கினால் இரண்டு பெட்டிகளும் ஒன்றாகும். பெயர் உள்ளபடியே நிற்கும். இத்தனை வருடம் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். ஒவ்வொருவராக மாற்றி முடிக்க ஒரு மணியாயிற்று.

அதற்குப் பிறகுதான் மற்றது உறைத்தது. விடியுமுன் போடியிலிருந்து ஜீப்பில் நெருக்கியடித்து, போடிமெட்டு ஏறி, இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகும் பெண்கள் சொன்னதுதான் என் கட்டுரையின் உயிர். முற்றிய காயையும் பிஞ்சையும் விரல்நுனியால் பிரித்தறிபவர்கள். ஏபிஏ முறையில், வெளியிடப்படாத நேர்காணலுக்குப் பட்டியலில் இடமே இல்லை. இதைத் திருத்தக் குறி ஒன்றும் கிடையாது.

கட்டுரைக்குள்ளாவது பெயர் வரட்டும் என்று ஓர் அக்காவிடம் கேட்டேன்.

“வேணாம் டீச்சர். கூலியப் பத்திப் பேசினேன்னு தெரிஞ்சா நாளைக்கு ஜீப்புல ஏத்த மாட்டாக.”

சற்று நேரம் கழித்து அவரே கேட்டார்: “அப்ப இத யாரு சொன்னதுன்னு எழுதுவீங்க?”

கட்டுரையின் முதல் பத்தியைத் திரும்ப எழுதினேன். இதைச் சொன்னவர்கள் யார், என்ன வேலை செய்கிறார்கள், ஏன் பெயர் சொல்ல முடியவில்லை என்று. இப்போது மாணவிகளுக்கு ஜொடேரோ கற்பிக்கும்போது அந்தச் சின்னக் குறியை முதலில் காட்டுகிறேன். பட்டியல் தயாரானதும், அதில் இல்லாதவர்களையும் எண்ணிப் பார்க்கச் சொல்கிறேன்.