பேசாத பேச்சு

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

நாவால் பேசுவது மட்டுந்தான் பேச்சு என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது சரியன்று என்பதை அறிய வெகுதூரம் போக வேண்டாம், தோழியரே! மாலைப் படிப்பு நேரத்தில் சிஸ்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார்களே, அதை நினைத்துப் பாருங்கள். வாயிலிருந்து ஒரு சொல் வருவதில்லை. ஆயினும் கடைசி வரிசையில் புளியங்காய் மென்றுகொண்டிருப்பவள் அதை அப்படியே விழுங்கிவிடுகிறாள். சுவரோரம் தூங்கி வழிபவள் நிமிர்ந்து உட்காருகிறாள். ஒரு குற்றமும் செய்யாத நானோ, காரணமில்லாமல் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திருப்புகிறேன். ஒரே பார்வை, மூன்று பேருக்கு மூன்று செய்தி!

நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். திருவள்ளுவர் ‘குறிப்பறிதல்’ என்ற ஒரே பெயரில் இரண்டு அதிகாரங்கள் பாடியிருக்கிறார். ஒன்று பொருட்பாலில் உள்ளது, மற்றொன்று காமத்துப்பாலில். (தமிழம்மா எங்களுக்கு முதலாவதை மட்டுமே நடத்தினார்கள்.) தொல்காப்பியத்தில் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகள் சொல்லப்பட்டுள்ளன. உள்ளத்தில் எழுந்தது மெய்யில் படுவதால் அது மெய்ப்பாடு.

மேல்நாட்டில் சார்லஸ் டார்வின் இதே பொருளை ஆராய்ந்து 1872இல் ஒரு நூல் வெளியிட்டார். உலகெங்கும் மக்கள் வியப்பிலும் வெட்கத்திலும் ஒரே விதமாகத்தான் முகம் மாறுகிறார்களா என்று கேட்டுப் பல நாடுகளிலிருந்த மிஷனரிகளுக்கும் மற்றவர்களுக்கும் அவர் வினாப்பட்டியல் அனுப்பினாராம். அவருக்குப் பத்து ஆண்டுகளுக்கு முன், 1862இல், துஷேன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் வேறொன்றைக் கண்டிருந்தார். ஒரு முதியவரின் கன்னத்தில் மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி அவரைச் ‘சிரிக்க’ வைத்தார். உதடுகள் விரிந்தன. ஆனால் பார்ப்பவருக்கு அது சிரிப்பாகத் தோன்றவில்லை. காரணம், கண்ணைச் சுற்றியுள்ள தசை அசையவில்லை! உண்மையான மகிழ்ச்சியில் அந்தத் தசையும் சேர்ந்து சுருங்கும். ‘சிரி’ என்று கட்டளையிட்டால் அது எல்லோருக்கும் எளிதில் பணிவதில்லை. புகைப்படக்காரர் ‘கொஞ்சம் சிரிங்கம்மா’ என்றவுடன் நாம் காட்டும் முகங்களை, இம்மலரின் குழுப்படங்களிலேயே நீங்கள் கண்டுகொள்ளலாம்!

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் எங்கள் தாத்தா.

தாத்தா மணப்பாறைச் சந்தையில் மாட்டுத் தரகராக இருந்தவர். மாட்டுச் சந்தையில் விலையை உரக்கப் பேசமாட்டார்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இருவர் கைகோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, விரல்களால் பேசுவார்கள். சுற்றி நூறு பேர் நின்றாலும் ஒருவருக்கும் விலை தெரியாது. ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டு பிடித்தால் இரண்டு, ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. முதலில் பத்தாயிரம், அப்புறம் ஆயிரம். நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போதே தாத்தா இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தார். விரல் பேசும்போது முகம் பேசக் கூடாது என்பது அவர் கண்டிப்பு. நான் சிரித்துவிடுவேன், அவர் கல்லைப் போல் இருப்பார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், தவக்காலத்தில் ஒரு விடியற்காலை, தாத்தாவைப் பக்கவாதம் தாக்கியது. மூளையின் இடப்பக்கத்தில் அடைப்பு. அதனால் வலக்கையும் வலக்காலும் விழுந்தன, பேச்சும் போயிற்று. விலை பேசிய கையும் வாயும் ஒரே நாளில் போய்விட்டன. நாம் சொல்வது பெரும்பாலும் அவருக்குப் புரிகிறது. பதில் சொல்லத்தான் சொல் வருவதில்லை. ‘ம்’ என்ற ஒலி ஒன்றே வருகிறது. பாரிஸ் நகரத்துக்கு அருகே ஒரு மருத்துவமனையில் இப்படியே ஒருவர் இருந்தார். எதைக் கேட்டாலும் ‘டான், டான்’ என்பார், கையை மட்டும் விதவிதமாக அசைப்பார். 1861இல் அவர் இறந்தபின் புரோக்கா என்ற மருத்துவர் அவருடைய மூளையைச் சோதித்து, இடப்பக்கத்தின் முன்பகுதியில் சேதத்தைக் கண்டார். பேச்சு பிறக்கும் இடம் பற்றி மருத்துவ உலகம் அறிந்துகொள்ள அது வழி காட்டிற்று.

ஒரு ‘ம்’முக்குள் எத்தனை பொருள்கள்! இழுத்தால் ஒன்று, வெட்டினால் ஒன்று. மூக்கால் மேலே தூக்கினால் ‘அப்படியா?’, கீழே இறக்கினால் ‘என்னத்தைச் சொல்ல!’. இரண்டே மாதத்தில் நாங்கள் எல்லோரும் ‘ம்’ மொழியில் பண்டிதர்களாகிவிட்டதாக நினைத்தோம்.

மற்றொரு வியப்பையும் சொல்ல வேண்டும். மருத்துவர் வந்து, ‘ஐயா, சிரிங்க பார்ப்போம்’ என்றால், தாத்தாவின் வாய் இடப்பக்கம் மட்டும் ஏறும்; வலப்பக்கம் தொங்கும். ஒருநாள் என் தம்பி தவிட்டு வாளியோடு போனபோது கிடாரி பின்னாலிருந்து முட்ட, தவிடெல்லாம் அவன் தலையில்! தாத்தா சிரித்தார். இரண்டு பக்கமும் சமமாக விரிந்த முழுச் சிரிப்பு! நாங்கள் குணமாகிவிட்டது என்று ஓடினோம். அப்படியில்லை என்று மருத்துவர் விளக்கினார். கட்டளைக்குச் சிரிக்கும் சிரிப்பு மூளையில் ஒரு வழியாக வருகிறது. தானாக எழும் சிரிப்பு இன்னும் ஆழத்திலிருந்து வேறு வழியாக வருகிறது. ஒன்று அடைபட்டாலும் மற்றது திறந்திருக்கலாமாம். துஷேன் மின்சாரம் வைத்துத் தேடியது எங்கள் வீட்டுத் திண்ணையில் தவிட்டு வாளியால் கிடைத்துவிட்டது!

சென்ற ஆண்டு செவலைப் பசுவை விற்பது பற்றி வீட்டில் பேச்சு வந்தது. தீவனச் செலவு கட்டவில்லை, கவனிக்கவும் ஆளில்லை என்றார் அப்பா. அப்பாயிக்கு மனமில்லை. ஒரு வியாபாரி முப்பத்தெட்டாயிரத்துக்குக் கேட்டிருந்தார். அப்பா, ‘வித்துடலாமாப்பா?’ என்று கேட்டார். தாத்தா ‘ம்’ என்றார். அப்பாயி, ‘வேண்டாந்தானே, என்னங்க?’ என்று கேட்டார். அதற்கும் ‘ம்’. இருவரும் தாத்தா தம் பக்கம் என்று நம்பினார்கள். இரண்டு நாள் வீட்டில் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நூலகத்தில் ஒரு குதிரையைப் பற்றிப் படித்தேன். பெர்லின் நகரில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் ஹான்ஸ் என்ற குதிரைக்குக் கணக்குக் கற்றுக்கொடுத்தார். கேள்வி கேட்டால் குளம்பால் தட்டிச் சரியான விடை சொல்லும்! 1904இல் அறிஞர்கள் குழு சோதித்தது. மோசடி எதுவும் அகப்படவில்லை. பிறகு ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் நுணுக்கமாக ஆராய்ந்து 1907இல் உண்மையை வெளியிட்டார். கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. கேட்பவரைப் பார்க்க முடியாவிட்டாலும் தெரியவில்லை. சரியான எண் வந்தவுடன் கேட்பவரின் தலை தம்மை அறியாமல் இம்மியளவு நிமிரும். அதைக் கண்டு குதிரை தட்டுவதை நிறுத்திவிடும். உண்மையைக் கண்டறிந்த பின்பும் ஃபுங்ஸ்டால் தம் தலை அசைவை அடக்க முடியவில்லையாம்!

பேச்சில் 7 விழுக்காடுதான் சொல், மற்றதெல்லாம் குரலும் உடலும் என்று மேடைதோறும் கேட்கிறோம். மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967இல் செய்த ஆய்வுகளிலிருந்து வந்த கணக்கு அது. தனிச் சொற்களைக் கொண்டு, விருப்பையும் வெறுப்பையும் பற்றி மட்டும் சோதித்தவை அவை. எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்தாது என்று அவரே கூறியிருக்கிறார். அப்படிப் பொருந்துமானால் தாத்தாவுக்கு 7 பங்குதானே போயிருக்க வேண்டும்? எங்கள் வீட்டில் வந்து பார்த்தால் தெரியும்.

ஹான்ஸைப் படித்த அன்று மாலை தாத்தாவின் நாற்காலிக்குப் பின்னால், என் முகம் தெரியாதபடி நின்றேன். ‘செவலைய விக்கலாமா தாத்தா?’ ‘ம்.’ சற்றுப் பொறுத்து, ‘வேண்டாமா தாத்தா?’ ‘ம்.’ இரண்டும் ஒரே ‘ம்’. அது ஆமென்றும் இல்லை, இல்லையென்றும் இல்லை. எனக்கு என்ன தோன்றியதோ, கொடியிலிருந்து அவருடைய துண்டை எடுத்துவந்து எதிரே உட்கார்ந்து, அவருடைய இடக்கையில் என் கையைக் கொடுத்து, மேலே துண்டைப் போட்டேன்.

தாத்தா என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு முகம் கல்லாயிற்று. துண்டுக்குள் என் நான்கு விரல்களைப் பிடித்தார். விட்டார். ஐந்தையும் சேர்த்துப் பிடித்தார்.

நாற்பத்தைந்து! ‘செவலைக்கா?’ என்றேன். மீண்டும் நான்கு, மீண்டும் ஐந்து. அந்த எண்ணை அதுவரை வீட்டில் யாரும் சொல்லவில்லை. என் மனத்திலும் இல்லை. ஆகவே என் முகத்திலிருந்து அவர் அதை எடுத்திருக்க முடியாது. தரகரிடம் போய், விலையைச் சொல்லாமல் விற்கலாமா வேண்டாமா என்று கேட்டால் அவர் என்ன பதில் சொல்வார்? ‘ம்’ என்றுதானே சொல்வார்!

அப்பாவிடம் ஓடிச் சொன்னேன். அவர் நம்பாமல் தாமே வந்து கையைக் கொடுத்தார். அவருக்கும் நான்கு, ஐந்து. அப்பா துண்டை எடுக்காமலே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் வியாபாரி வந்தார். அவரும் பழைய சந்தைக்காரர்தாம். தாத்தா இடக்கையை நீட்டியதும் ஒன்றும் கேளாமல் தம் துண்டை எடுத்துப் போட்டார். கால்மணி நேரம் ஆயிற்று. என்ன விலை என்று அப்பா கேட்டதற்கு இருவரும் சொல்லவில்லை. பணத்தை எண்ணியபோதுதான் நாற்பத்து மூவாயிரம் என்று தெரிந்தது. அப்பாயியைக் கேட்டுக்கொண்டு கிடாரியை மட்டும் வைத்துக்கொண்டோம். தம்பி இப்போது வாளியை முன்னால் வைத்துக்கொண்டு, பின்பக்கமாக நடந்து வருகிறான்.