பள்ளி மணி ஒன்பதுக்கு... பிள்ளைகளின் மணி 4.45-க்கு!

“ஒன்பது மணிக்குத்தானே ஸ்கூலு? இதுக்கு மேல லேட்டா தொறந்தா புள்ளைங்க எப்பதான் படிக்கிறது?”

பள்ளிகளைக் கொஞ்சம் தாமதமாகத் தொடங்கலாமா என்ற பேச்சை எடுத்தால் முதலில் வந்து விழும் கேள்வி இது. கேள்வி நியாயமானதுதான். நம்ம ஊர் அரசுப் பள்ளிகளில் பெரும்பாலும் 9 மணிக்கும் 9.30-க்கும் இடையில்தான் பிரேயர் மணி அடிக்கிறது. அமெரிக்காவில் எத்தனையோ வருடம் வாதாடி வாங்கிய நேரமே 8.30 தான். அப்படிப் பார்த்தால் கடலூர் மாவட்டத்துப் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள்!

ஆனால், பள்ளிச் சுவரில் மாட்டியிருக்கும் கடிகாரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பேசக்கூடாது. வீட்டுக் கடிகாரத்தையும் பார்க்க வேண்டும்.

பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பாவுக்கு கடலூர் சிப்காட்டில் வேலை, ஆறு மணி ஷிஃப்ட். அம்மா அன்னங்கோயில் மீன் இறங்குதளத்தில் மீன் எடுத்து புவனகிரி பக்கம் விற்கப் போகிறவர். மகள் சிதம்பரத்தில் பிளஸ் டூ. மகன் ஒன்பதாவது, ஆங்கில வழி தனியார் பள்ளி. கூடவே ஆயா.

மகளின் பள்ளி 9 மணிக்குத்தான். ஆனால், பிளஸ் டூவுக்கு 7.45-க்கு ஸ்பெஷல் கிளாஸ். அதற்கு 6.40 பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். அதைவிட்டால் அடுத்த பஸ் எட்டு மணிக்கு மேல். மகனின் பள்ளி 8.30-க்கு. ஆனால், வேன் முதலில் வருவது இந்தக் கிராமத்துக்குத்தான். 6.50-க்கு ஏறினால் பத்து ஊரைச் சுற்றிவிட்டு, பாதித் தூக்கத்தில் பள்ளி வாசலில் இறங்க வேண்டும். இருபது நிமிடத்தில் போகிற தூரம் இது!

அதனால் அந்த வீட்டில் அலாரம் அடிப்பது 4.45-க்கு.

“எழுந்திரும்மா... மணி அஞ்சு ஆவப்போவுது.”

“அஞ்சே நிமிஷம்மா...”

“இந்த அஞ்சு நிமிஷத்தாலதான் நேத்து பஸ்ஸ வுட்ட. விடியக்காலையில படிச்சாதான் மண்டையில ஏறும், எந்திரி.”

முந்தின நாள் அவள் படுத்தது பதினொன்றரைக்கு. மாலை டெஸ்ட் முடிந்து வீட்டுக்கு வரவே ஆறரை ஆகிறது. தண்ணீர் பிடித்து, துணி மடித்து, சாப்பிட்டு, ரெக்கார்டு நோட்டு எழுதி முடித்தால் அவ்வளவுதான் ராத்திரி. ஆக, தூக்கம் ஐந்தேகால் மணி நேரம். வாரத்தில் ஆறு நாள் இப்படி. ஏழாம் நாள் பத்து மணி வரைக்கும் எழுந்திருக்க மாட்டாள். “பொட்டப் புள்ளைக்கு என்னா தூக்கம் இது” என்று ஆயா தொடங்கிவிடுவார்.

ஆயாவைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு ராத்திரி எட்டரைக்கே கண் சொருகிவிடும், நாலு மணிக்குத் தானாக முழிப்பு வந்துவிடும். பேத்தியின் உடம்பில் ஓடுவது வேறு கடிகாரம். பருவ வயதில் தூக்கத்தை வரவழைக்கும் மெலட்டோனின் சுரப்பு ஒன்று முதல் இரண்டு மணி நேரம் வரை தள்ளிப்போகிறது என்பது பல ஆண்டு ஆராய்ச்சியில் உறுதியான விஷயம். ஒன்பது மணிக்குப் படுக்கப் போட்டாலும் அந்த வயதுப் பிள்ளைகள் பலருக்கு பத்தரை, பதினொன்று வரை தூக்கம் வராது. இதை அடம் என்றோ சோம்பல் என்றோ சொல்ல முடியாது. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவ நிபுணர்களின் பரிந்துரை. படுப்பது பதினொன்று, எழுவது 4.45 என்றால் அந்தக் கணக்கு எங்கே உதைக்கிறது என்று சொல்லத் தேவையில்லை.

போன்? அதுவும்தான். ராத்திரி போர்வைக்குள் ரீல்ஸ் ஓடுவது எல்லா வீட்டிலும் உண்டு, பெரியவர்கள் போர்வைக்குள்ளும் உண்டு. ஆனால், போனைப் பிடுங்கி பீரோவில் வைத்தாலும் 6.40 பஸ் 6.40-க்குத்தான் வரும்.

வெளியூரில் என்ன செய்தார்கள்?

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2014-ல் ஒரு பரிந்துரை கொடுத்தது: நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் 8.30-க்கு முன்னால் தொடங்க வேண்டாம். சியாட்டில் நகரம் 2016-ல் உயர்நிலைப் பள்ளிகளை 7.50-லிருந்து 8.45-க்குத் தள்ளியது. ‘பசங்க இன்னும் லேட்டா படுப்பாங்க, அவ்வளவுதான்’ என்று அங்கேயும் சொன்னார்கள். மாணவர்கள் கையில் பட்டை கட்டி அளந்து பார்த்ததில், தூக்கம் சராசரியாக 34 நிமிடம் கூடியிருந்தது. கலிஃபோர்னியா 2019-ல் சட்டமே போட்டது. 2022 ஜூலையிலிருந்து அங்கே உயர்நிலைப் பள்ளிகள் 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது, கிராமப்புறப் பள்ளிகளுக்கு மட்டும் விலக்கு. கிராமத்துக்கு விலக்கு கொடுத்திருப்பதை இங்கே கவனிக்க வேண்டும். பஸ் பிரச்னை உலகம் முழுக்க ஒன்றுதான் போல.

நமக்கு நெருக்கமான உதாரணம் சிங்கப்பூர். டியூஷன், தேர்வு, மதிப்பெண் என்று நம்மைப் போலவே ஓடும் ஊர். அங்கே ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளி 2016-ல் 7.30 மணியை 8.15 ஆக மாற்றியது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது மாணவிகள் படுக்கையில் இருக்கும் நேரம் இருபது நிமிடத்துக்கு மேல் கூடியிருந்தது. ஒன்பது மாதம் கழித்து அளந்தால், கூடுதல் தூக்கம் பத்து நிமிட அளவில்தான் நின்றது. மணியை 45 நிமிடம் தள்ளிக் கிடைத்தது பத்து நிமிடம்! ஆனாலும் பகலில் சோர்வு குறைந்திருந்தது, மனசு லேசாக இருந்ததாக மாணவிகளே சொன்னார்கள். அதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால், வீட்டுப்பாடச் சுமை அப்படியே இருந்தால், காலையில் கொடுக்கும் நேரத்தை ராத்திரி பிடுங்கிக்கொள்ளும் என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இந்தியாவில் இந்தப் பேச்சு பெரும்பாலும் சின்னக் குழந்தைகளோடு நின்றுவிடுகிறது. மகாராஷ்டிர அரசு 2024 பிப்ரவரியில், நான்காம் வகுப்பு வரை 9 மணிக்கு முன் தொடங்கக் கூடாது என்று உத்தரவிட்டது. ஐந்தாவதுக்கு மேல் போனால் தூக்கம் தேவையில்லை போலிருக்கிறது! கேரளம் 2025-ல் உயர்நிலை வகுப்புகளுக்கு நேர் எதிராகப் போனது. காலையில் 15 நிமிடம், மாலையில் 15 நிமிடம் நீட்டியது. காலை மதரசா வகுப்புகளுக்கு இடைஞ்சல் என்று சமஸ்தா அமைப்பு எதிர்த்தது. கால் மணி நேரத்துக்கே அவ்வளவு பிரச்னை.

தமிழ்நாட்டுக்கு இதில் அனுபவம் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. 1953-ல் ராஜாஜி கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றார். ‘குலக்கல்வி’ என்று மாநிலமே கொதித்தது. 1954-ல் அவர் பதவி விலக, காமராஜர் வந்து அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். பள்ளி நேரத்தைத் தொட்டால், பிள்ளை வீட்டில் இருக்கும் நேரத்தில் என்ன ஆகும் என்ற கேள்வியும் கூடவே வரும். அது அன்றைக்கும் வந்தது, இன்றைக்கும் வரும்.

பூட்டிய வீடும் இருட்டுப் பாதையும்

சரி, பள்ளியை 10 மணிக்கு வைத்துவிடலாம் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பரங்கிப்பேட்டை வீட்டில் என்ன நடக்கும்? அப்பா ஐந்துக்கே வண்டியை எடுத்துவிடுவார். அம்மா ஆறரைக்குக் கூடையோடு கிளம்பிவிடுவார், மீன் யாருக்காகவும் காத்திருக்காது. “எட்டரை வரைக்கும் ரெண்டும் வீட்ல கெடந்தா யாரு பாத்துக்கிறது, ஆயாவாலயே எழுந்து நடக்க முடியல” என்பது அந்த அம்மாவின் கவலை. அவரைப் பொறுத்தவரை 6.50 வேன் ஒரு நிம்மதி. வேலைக்குப் போகும் பெற்றோருக்குப் பள்ளி என்பது பாதுகாப்பான இடமும்தான். இதை ஒத்துக்கொள்ளாமல் தூக்க விஞ்ஞானம் மட்டும் பேசினால் எந்த அம்மாவும் காது கொடுக்க மாட்டார்.

மாலை இன்னும் சிக்கல். நவம்பர் கடைசியில் 5.40-க்கெல்லாம் இந்தப் பக்கம் பொழுது சாய்ந்துவிடும். வடகிழக்கு மழை வேறு. காலையில் ஒரு மணி நேரம் தள்ளினால் மாலையிலும் ஒரு மணி நேரம் தள்ளும். மெயின் ரோட்டில் இறங்கி, விளக்கில்லாத பாதையில் ஊருக்குள் நடக்க வேண்டியது அந்தப் பதினேழு வயதுப் பெண்தான்.

ஆகவே ஒன்பது மணியை அப்படியே விடலாம். முதலில் கை வைக்க வேண்டியது அதற்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும் ஸ்பெஷல் கிளாஸ், விடிகாலை டியூஷன், ஊர் சுற்றும் வேன் ரூட் ஆகியவற்றில். இதில் ஸ்பெஷல் கிளாஸுக்கு ஆசிரியர்களை மட்டும் திட்டுவது சுலபம். தேர்ச்சி விகிதம் இரண்டு புள்ளி குறைந்தால் ஆய்வுக் கூட்டத்தில் நிற்க வைக்கப்படுவது தலைமையாசிரியர்தான். கடலூரிலிருந்து சிதம்பரம் வந்து அந்த வகுப்பை எடுக்கும் டீச்சரும் ஐந்து மணிக்கு எழுந்து குக்கர் வைத்துவிட்டுத்தான் வருகிறார். அரைத் தூக்கத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு, அரைத் தூக்கத்தில் இருக்கும் ஆசிரியர் நடத்தும் பாடம் எவ்வளவு தூரம் மண்டையில் ஏறும்?

அரசு நினைத்தால் சின்ன விஷயங்கள் நடக்கின்றன. தண்ணீர் குடிக்கவே ‘வாட்டர் பெல்’ அடிக்கச் சொல்லி 2025-ல் உத்தரவு வந்தது. 11-ம் வகுப்புப் பொதுத்தேர்வை அதே ஆண்டு கைவிட்டார்கள். 9 மணிக்கு முன் எந்த வகுப்பும் கிடையாது, அரசுப் பள்ளி, தனியார் பள்ளி இரண்டுக்கும் சேர்த்து என்று ஓர் உத்தரவு போட எத்தனை நாள் ஆகும்? ஒரு பள்ளி மட்டும் நிறுத்தினால் பக்கத்துப் பள்ளிக்குப் பயந்து மறுவாரமே தொடங்கிவிடும். எல்லோரும் ஒன்றாக நிறுத்தினால்தான் நிற்கும்.

சாப்பாட்டையும் இதோடு பேச வேண்டும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி நல்ல பேர் வாங்கியிருக்கிறது. ஆனால், அது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். உண்மையில் வெறும் வயிற்றில் பஸ் ஏறுவது பெரிய வகுப்புப் பிள்ளைகள். 6.20-க்கு யாருக்கு இட்லி இறங்கும்? டிபன் பாக்ஸில் எடுத்துப் போய், ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து பிரேயருக்கு முன்னால் கிடைக்கும் பத்து நிமிடத்தில் நின்றுகொண்டே விழுங்குகிறார்கள். பிரேயரில் மயங்கி விழும் பிள்ளைக்குத் தண்ணீர் தெளித்து, ‘காலையில சாப்பிட்டியா?’ என்று கேட்காத பள்ளி இருக்குமா?

வேன் பற்றிப் பேசும்போது இந்த மாவட்டத்துக்காரர்களுக்குத் தொண்டை அடைக்கும். 2025 ஜூலை 8, காலை 7.45 வாக்கில் செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது விழுப்புரம்-மயிலாடுதுறை பாசஞ்சர் ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்துபோனார்கள். அந்த விபத்துக்கும் பள்ளி நேரத்துக்கும் முடிச்சுப் போடக் கூடாது, அது வேறு விவகாரம். ஆனால், அதற்குப் பிறகு வேன் எந்த வழியாகப் போகிறது, எத்தனை கேட்டைத் தாண்டுகிறது, ஏன் இவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று பெற்றோர் தயங்காமல் கேட்கலாம். ஒரு வேன் இரண்டு ட்ரிப் அடிப்பதால்தான் முதல் ட்ரிப் பிள்ளைகள் அத்தனை சீக்கிரம் ஏற வேண்டியிருக்கிறது. கட்டணம் கட்டுகிறவர்களுக்கு அதைக் கேட்க உரிமை உண்டு.

ஸ்பெஷல் கிளாஸ் நின்றால் அந்தப் பிளஸ் டூ மாணவி எட்டு மணிக்கு மேல் வரும் பஸ்ஸில் போகலாம். ஆறு மணி வரை தூங்கலாம். சிக்கல் என்னவென்றால், சிதம்பரம் போகும் அந்த பஸ்ஸில் இப்போதே பையன்கள் படியில் தொங்கிக்கொண்டுதான் போகிறார்கள். பி.முட்லூர் வருவதற்குள் கால் வைக்க இடம் இருக்காது. அதற்கு முன்னால் 7.50-க்கு இன்னொரு பஸ் வேண்டும் என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் கேட்டிருக்கிறார்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கையெழுத்து வாங்கி, போக்குவரத்துக் கழக கிளை மேலாளருக்கு அனுப்பியிருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை.