இரண்டு விஜயன்கள்

ஜூன் பாதியில் டிராலிங் தடை வந்துவிட்டால் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கட்டிக் கிடக்கும். 1988-லிருந்து கேரளத்தில் வருஷா வருஷம் இந்தத் தடை உண்டு. ஜூலை முடியும்வரை வருமானம் கிடையாது, மழையும் விட்டபாடில்லை. ஆண்களுக்கு மிச்சமிருந்த ஒரே வேலை பேச்சு. அந்தப் பேச்சு முக்காலும் கால்பந்து பற்றித்தான் இருக்கும்: யார் எந்த அணியை விட்டுப் போகிறான், யார் வருகிறான், பொடியன்களில் எவன் தேறுவான்.

எங்களுக்குச் சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பக்கம். ஆழ்கடலில் சுறாவும் சூரையும் தேடித் தூண்டிலோடு போகும் எங்கள் கரைப் படகுகள் பலவற்றுக்கும் கொச்சிதான் தளம். அப்பா அப்படி ஒரு படகில் எஞ்சின் பார்த்தார். அலைந்தது போதும் என்று அம்மாவையும் என்னையும் கூட்டிவந்து, துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் குடிவைத்தார். தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை என்று எங்கள் கரையில் எந்த ஊருக்குப் போனாலும் கோயிலும் அதையொட்டிப் பையன்கள் பந்து உதைக்கும் மணலும் இருக்கும். அந்த மணலில் ஆடி வளர்ந்தவர்களைக் கொண்டுவந்து, கால்பந்தை மதம்போலப் பிடித்துக்கொண்டிருந்த கொச்சியில் விட்டால் என்ன ஆகும்? துறைமுக வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடையில் அதுதான் தினமும் நடந்தது.

கடைக்காரர் கருவேலிப்படிக்காரர். எங்கள் ஆட்கள் அவரை இக்கா என்பார்கள். பரிப்புவடையும் கட்டன் சாயாவும் அவர் கணக்கில் எழுதிக்கொண்டே போவார். ஆகஸ்டில் படகு கடலுக்குப் போய்த் திரும்பிய பிறகுதான் வசூல். மூலை பெஞ்சு, ஐஸ் பேக்டரியில் கணக்கு எழுதிய பள்ளுருத்திச் சேட்டனுக்கு. அவருக்கு எதிரே ஸ்ராங்கு மாமா. அம்மா வழியில் தூரத்து உறவு. வேராவல் முதல் மங்களூர்வரை எல்லாத் துறைமுகத்திலும் படகு ஓட்டியவர். அப்பா கதவோரம் நின்றுகொண்டு தூண்டில் கயிறைச் சிக்கெடுத்தபடி கேட்பார். பெரியவர்கள் பேச்சில் நுழையாமல் இருந்தால் எனக்கும் ஒரு வடை கிடைக்கும்.

1997-ல்தான் எஃப்.சி. கொச்சின் பிறந்தது. நாட்டின் முதல் தொழில்முறைக் கால்பந்துக் கிளப் என்று பத்திரிகைகள் கொண்டாடின. அதற்கு முந்தைய பருவத்தில் முதல் தேசிய லீக்கை வென்ற பஞ்சாப் அணி ஜே.சி.டி. அந்த அணியின் தூண்களான ஐ.எம். விஜயன், ஜோ பால் அஞ்சேரி, கார்ல்டன் சாப்மன் மூவரும் கொச்சிக்கே வந்து சேர்ந்தார்கள். பயிற்சியாளர் டி.கே. சாத்துண்ணி. அந்த ஆண்டே டெல்லியில் டூரண்ட் கோப்பை இறுதியாட்டத்தில் மோகன் பகானை 3-1 என்று வீழ்த்தினார்கள். 1888-ல் தொடங்கிய அந்தக் கோப்பையைக் கேரளத்து அணி ஒன்று தொட்டது அதுதான் முதல் தடவை. அன்று இக்கா யாரிடமும் சாயாவுக்குக் கணக்கு எழுதவில்லை.

அந்த அணியில் இன்னொரு விஜயனும் இருந்தார், ராமன் விஜயன். தமிழ்நாட்டுக்காரர். 1997-98 தேசிய லீக்கில் 10 கோல் போட்டு, அந்தப் பருவத்திலேயே அதிக கோல் அடித்தவர் என்று பெயர் வாங்கினார். பள்ளிக்கூடத்தில் என்னைப் ‘பாண்டி’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த பையன்கள் ஒரு திங்கட்கிழமை காலையில் என் தோளில் கைபோட்டு, “நிங்ஙளுடெ விஜயன் கலக்கி, கேட்டோ” என்றார்கள். நான் அவரைப் பெற்று வளர்த்தவன்போலத் தலையாட்டினேன். அதற்குப் பிறகு எங்கள் வகுப்பில் திருச்சூர் விஜயன் கட்சி, தமிழ் விஜயன் கட்சி என்று இரண்டு உருவாகிவிட்டது. தமிழ்க் கட்சியில் நான் மட்டும்தான். ஆனால் புள்ளிவிவரம் என் பக்கம் இருந்ததால் யாரும் வாலாட்ட முடியவில்லை.

ஆட்டம் பார்க்கக் கலூருக்குப் போவதே ஒரு திருவிழா. தோப்பும்படியிலிருந்து பழைய ஹார்பர் பாலம் ஏறி, வில்லிங்டன் தீவு தாண்டி, வெண்டுருத்திப் பாலம் இறங்கி எர்ணாகுளம் போய்ச் சேரவேண்டும். பாலத்தில் எதிரே லாரி வந்தால் பஸ் மூச்சைப் பிடித்து நிற்கும். அந்த இடைவெளியில் பஸ்சுக்குள்ளேயே அணி தேர்ந்துவிடுவார்கள். அஞ்சேரியை முன்னணியில் விடுவதா, நடுக்களத்திலா, பின்காப்பிலா? மூன்று இடத்திலும் ஆடக்கூடியவர் என்பதால் அந்தச் சண்டைக்கு முடிவே இருக்காது. நேரு கோப்பைக்கு வெளிநாட்டு அணிகள் வந்து ஆடிய அரங்கு அது. சிமெண்ட் படிகளில் உட்கார்ந்தால் ஆட்டக்காரர்கள் விரல் உயரம்தான் தெரிவார்கள். ஆனாலும் பந்து விஜயன் காலுக்கு வரும்போது ஆயிரக்கணக்கானவர்கள் ஒன்றாக எழுந்து நிற்பதில் என் பார்வை அப்பாவின் முதுகோடு முடிந்துவிடும்.

1998 மழைக்காலத்தில் வந்தது இடி. மாத்ருபூமியை இக்கா உரக்க வாசித்தார்: விஜயன் மோகன் பகானுக்கு, சாப்மன் ஈஸ்ட் பெங்காலுக்கு. பள்ளுருத்திச் சேட்டனுக்கு ஒரு பழக்கம். அணியைப் பற்றிப் பேசும்போது பீடிக் கட்டைப் பிரித்து, தகர மேஜையில் பதினொரு பீடியை அணிவகுப்பாக அடுக்குவார். கோலிக்கு ஒன்று, பின்னால் நாலு, நடுவில் நாலு, முன்னால் இரண்டு. அன்றும் அடுக்கினார். முன்வரிசையில் ஒரு பீடியை எடுத்தார். எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். பற்றவைத்துக்கொண்டார்.

“விஜயன் போயி,” என்றார் புகையோடு.

பிறகு ஆரம்பித்தது. சேட்டன் பழைய இலாகா அணிகளின் ஆள். ஃபாக்ட், பிரிமியர் டயர்ஸ், டைட்டானியம், மின்வாரியம் என்று கம்பெனியும் சர்க்காரும் வேலை கொடுத்து ஆடவைத்த காலத்தில் வளர்ந்தவர். 1973 டிசம்பர் 27 அன்று எர்ணாகுளம் மகாராஜாஸ் மைதானத்தில், கேப்டன் மணி மூன்று கோல் போட்டு, ரயில்வேயை 3-2 என்று வென்று, கேரளத்துக்கு முதல் சந்தோஷ் டிராபி வாங்கித்தந்ததை நேரில் பார்த்தவர். அதைச் சொல்லாமல் அவருக்கு ஒரு வாதமும் தொடங்காது. “மணி ஃபாக்டில் ஜோலி பார்த்துக் கொண்டல்லே களிச்சது? இவனுக்கு போலீஸ் ஜோலி கிடைத்தது. பென்ஷனுள்ள ஜோலி! அதைக் களைஞ்சு கல்கத்தாவுக்குப் போயி, பஞ்சாபுக்குப் போயி, இங்கே வந்நு, இப்போ பின்னெயும் கல்கத்தா.”

கேரளா போலீஸ் அணி என்றால் அந்தக் கடையில் எல்லோருக்கும் ஒரு பெருமூச்சு வரும். 1990-லும் 1991-லும் அடுத்தடுத்து ஃபெடரேஷன் கோப்பை வென்ற அணி அது. சத்யன், பாப்பச்சன், ஷரஃப் அலி, குரிகேஷ் மாத்யூ, கோலி சாக்கோ என்று ஒரே சீருடையில் அத்தனை பேர். திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற பையனாகிய விஜயன் பதினெட்டு வயதுக்குள் அதில் சேர்ந்தார். 1991-ல் கொல்கத்தா அழைத்துக்கொண்டது. அங்கே இடமாற்றக் காலத்தில், எதிரணிக்காரன் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாதென்று ஆட்டக்காரனை ஏதாவது ஒரு வீட்டில் பூட்டிவைத்துக் காவல் காப்பார்கள் என்று இக்கா கதை சொல்வார். எனக்கு அது கடத்தல் சினிமாவாகவே மனதில் ஓடியது.

ஸ்ராங்கு மாமா சாயாவை வைத்துவிட்டுச் சேட்டன் பக்கம் திரும்பினார். “சேட்டா, கொச்சியில மீன் இல்லேன்னா நாங்க வேராவல் போறோம். அங்கயும் இல்லேன்னா ரத்னகிரி. எங்கள ஆராவது துரோகியின்னு சொன்னதுண்டா? அவனுக்குக் காலு ஓடுறது பத்துப் பதினஞ்சு வருஷம். அதுக்குள்ள அவன் சம்பாதிக்கணும்.”

“மீன் வேறெ, நாடு வேறெ,” என்றார் இக்கா. “கொச்சிக்காரன் கை தட்டியிட்டல்லே அவன் விஜயனாயது?”

“கை தட்டினா சோறு வேகுமா இக்கா?”

இப்படியே ஒரு மணி நேரம். வாதத்தில் யார் பக்கம் நியாயம் என்று அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். போனவனை ரொம்பத் திட்டியவர்கள் உள்ளூரிலேயே பிறந்து உள்ளூரிலேயே வேலை கிடைத்தவர்கள். போகட்டும் என்றவர்கள் எல்லோரும் எங்கள் ஆட்கள், பிழைக்க ஊரை விட்டு வந்தவர்கள்.

கடைசியில் அப்பா கயிறிலிருந்து தலையைத் தூக்கினார். “போறவன் போகட்டும் சேட்டா. அவன் இடத்துல ஆடப்போற பய ஆரு?”

யாரிடமும் பதில் இல்லை. ஆயத்த ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்கி எழுப்பிய அணி அது. அடுத்த விஜயனைப் பற்றி அங்கே யாருக்கும் அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. அப்பா அந்தக் கேள்வியோடு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் என்னை எழுப்பி, கருவேலிப்படி வழியாக வெளி மைதானம் தாண்டி ஃபோர்ட் கொச்சிப் பரேடு மைதானத்துக்கு நடத்திக் கூட்டிப் போனார். ரூஃபஸ் டிசூசா என்ற பயிற்சியாளர் காசு வாங்காமல் பல பத்தாண்டுகளாகப் பிள்ளைகளுக்குக் கால்பந்தும் ஹாக்கியும் சொல்லிக்கொடுத்த இடம் அது. இந்திய அணியின் கோலி ஃபிரோஸ் ஷெரீஃப் அங்கே தேறியவர்தான். மழை ஈரத்தில் பையன்கள் வரிசையாக நின்று பந்தை நிறுத்தப் பழகிக்கொண்டிருந்தார்கள். கோல் அடிப்பதெல்லாம் இல்லை. வருகிற பந்தை உள்ளங்காலுக்கடியில் செத்துப்போக வைப்பது. திரும்பத் திரும்ப அதே ஒன்று. எனக்குச் சலித்தது. அப்பா இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒல்லியாக ஒருவனைக் காட்டி, “அந்தப் பய பந்து வர்றதுக்கு முன்னாடியே திரும்பிப் பாக்கான் பாரு. அவன் தேறுவான்,” என்றார். வீட்டுக்கு வரும்வரை அவனைப் பற்றித்தான் பேச்சு.

விஜயன் 1999-ல் கொச்சிக்கே திரும்பி வந்தார். சேட்டன் பீடியை மேஜையில் மறுபடி வைத்தார். ஆனால் அதற்குள் காற்று மாறியிருந்தது. 1998 ஏப்ரல் 1 அன்றே அதே கலூர் அரங்கில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஒருநாள் ஆட்டத்தில் சச்சின் பந்து வீசி 5 விக்கெட் எடுத்திருந்தார். அதன் பிறகு என் வகுப்புப் பையன்கள் மட்டை பிடிக்க ஆரம்பித்தார்கள். கிளப்பில் பணம் வற்றியது, சம்பளம் தங்கியது, ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். 2002-ல் அணியே இல்லை. இடமாற்றம் பற்றிச் சண்டை போடவும் ஓர் அணி வேண்டுமல்லவா? அந்த மழைக்காலங்களில் கடையில் அரசியல்தான் பேசினார்கள். அதில் ருசி இல்லை.

பென்ஷன் வழக்குக்கு மட்டும் காலம் ஒரு வேடிக்கையான தீர்ப்பு சொன்னது. ஆடி முடித்த பிறகு விஜயன் போலீஸ் வேலைக்கே திரும்பினார். 2025-ல் பத்மஸ்ரீயும் வாங்கி, அதே ஆண்டு அந்தத் துறையிலிருந்தே ஓய்வு பெற்றார். சேட்டன் சொன்னதும் நடந்தது, ஸ்ராங்கு மாமா சொன்னதும் நடந்தது.

2014-ல் கேரளா பிளாஸ்டர்ஸ் வந்து கலூரை மஞ்சளாக்கியது. அப்போது உரிமையாளர்களில் ஒருவராக இருந்தவர், அங்கே 5 விக்கெட் எடுத்த அதே சச்சின். 2023 ஜூலையில் எங்கள் பழைய சண்டை புது உருவில் எழுந்தது. பிளாஸ்டர்ஸ் தன் செல்லப்பிள்ளை சகல் அப்துல் சமதை மோகன் பகானுக்குக் கொடுத்து, பதிலுக்குத் தற்காப்பு ஆட்டக்காரர் பிரீதம் கோட்டாலையும் ஒரு தொகையையும் வாங்கியது. ஆளுக்கு ஆள் மாற்றுவது அமெரிக்க பேஸ்பாலில் அன்றாடச் சங்கதி. அங்கேயும் ஆறாத புண்கள் உண்டு: பேப் ரூத்தை நியூயார்க்குக்கு விற்ற பாஸ்டன் அணிக்கு அடுத்த கோப்பை கிடைத்தது 2004-ல். நடுவில் எண்பத்தைந்து ஆண்டு வசவு.

அந்த ஜூலையில் அப்பா ஊரில் இருந்தார். அவர் கரையின் இரவிபுத்தன்துறைப் பையன் மைக்கேல் சூசைராஜ் 2019-ல் ஜாம்ஷெட்பூரிலிருந்து கொல்கத்தாவுக்குப் போனபோது ஊரே பெருமைப்பட்டதாகச் சொன்னவர். சகல் போன செய்தியைச் சொல்ல நான் போன் செய்தேன்.

“சரி, அவன் இடத்துல ஆரு?” என்றார்.

திருச்சூர்ப் பையன் விபின் மோகனன் இருக்கிறான், லட்சத்தீவு இரட்டையர்கள் ஐமனும் அசரும் இருக்கிறார்கள், மூவரும் பிளாஸ்டர்ஸ் தானே வளர்த்த பிள்ளைகள் என்றேன்.

“அப்ப கவலை இல்ல. நாளைக்கு அவனுகளும் போவானுக. போகட்டும். போற அளவுக்கு வளத்துட்டோம்ல.” கொஞ்சம் யோசித்துவிட்டுக் குரலை ஏற்றினார். “ஆனா மக்கா, நம்ம பயலுக்கு இருபத்தாறு. கோட்டாலுக்கு முப்பது ஆகப்போகுது. இந்தக் கணக்க எவன் போட்டான்?”

அவர் கேட்டது நியாயம்தான். ஒன்றரை வருஷத்தில் கோட்டால் சென்னைக்குப் போய்விட்டார்.