வாங்கும் ஒலிவாங்கியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிராம வாழ்விலே ஒலிபெருக்கி பெற்றிருந்த இடம் விரிவாக ஆராயத்தக்கது. கோயிற் கொடியேற்றம், கலியாணவீடு, நாடக மேடை, தேர்தற் கூட்டம், செத்தவீட்டு அறிவித்தல் ஆகிய அனைத்தும் பனையிலோ வேம்பிலோ உயரக் கட்டப்பட்ட புனல் வடிவக் குழாய் வழியாகவே ஊரைச் சென்றடைந்தன. எந்த ஒலிபெருக்கிக்காரரின் குழாய் எத்தனை ஊர் தாண்டிக் கேட்கும் என்பது கோயிலுக்குக் கோயில் போட்டிக்குரிய விடயமாகவும் இருந்தது. அந்தப் போட்டியால் நோயாளரும் பரீட்சைக்குப் படிப்போரும் பட்ட பாட்டையும் மறைப்பதற்கில்லை.

கோப்பாயில் அத்தகைய ஒலிபெருக்கிக்காரர் ஒருவர் இன்றும் வாழ்கிறார். வயது 78. ஊரார் அவரைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ‘ஸ்பீக்கர்காரர்’ என்றாலே போதும். குழாய்களைக் கட்டி முடித்ததும் ஒலிவாங்கியை உதவியாளனிடம் கொடுத்துப் பேசச் சொல்லிவிட்டுத் தாம் சைக்கிளிலே ஊரெல்லைவரை சென்று கேட்டு வருவது அவர் வழக்கம். மேடையில் நிற்பவனுக்குத் தன் குரல் எப்போதும் நன்றாகவே கேட்கும். ஆதலால் அவன் சொல்வதை நம்பி எந்தக் குமிழையும் திருகக்கூடாது என்பார். இரவு 10 மணி முதற் காலை 6 மணிவரை ஒலிபெருக்கிப் பாவனையைக் கட்டுப்படுத்தி 2007இல் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டபோது, தம் தொழிலுக்கு நட்டமென்று தெரிந்தும் அதனை வரவேற்ற ஒரு சிலருள் அவரும் ஒருவர்.

1990இலே குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லாமற் போயிற்று. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி மக்கள் வானொலி கேட்ட காலம் அது. ஸ்பீக்கர்காரர் 12 வோல்ற்று கார் பற்றரியிலே அம்பிளிபயரை இயக்கினார். பற்றரி இறங்க இறங்கப் பாட்டின் தெளிவு குன்றும். ஆயினும் திருவிழா நின்றதில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்களை உடனே வெளியேறும்படி கேட்ட அறிவித்தலும் வாகனங்களிற் பூட்டிய ஒலிபெருக்கி வழியாகவே வந்தது. நாவற்குழிப் பாலத்தினூடாகவும் கோப்பாய்–கைதடி வீதியாலும் தென்மராட்சி நோக்கிச் சனம் நெருக்குண்டு நகர்ந்த அந்த இரவைப்பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. 1996இல் திரும்பி வந்து பார்த்தபோது குழாய் கிடந்தது, அம்பிளிபயர் இல்லை என்று மட்டும் சொல்வார்.

அவர் வீட்டுக்கு அணித்தாக ஊர் வாசிகசாலை ஒன்று உண்டு. அதற்குப் பின்னாலே வெளிநாடுகளில் வாழும் ஊரவரின் உதவியினால் அண்மையிற் கூட்ட மண்டபம் ஒன்று எழுந்தது. பணம் அனுப்புவோர் கூட்டத்திலும் பங்குகொள்ள விரும்பினர். இது நியாயமான விருப்பமே. கோப்பாயில் மாலை 6 மணியென்றால் கோடைகாலத்திலே இலண்டனிற் பிற்பகல் 1.30, ரொறன்ரோவிற் காலை 8.30. ஞாயிற்றுக்கிழமையாயின் மூன்று இடத்தாரும் ஒரே நேரத்தில் அமர முடியும். ஆகவே திரையொன்றும், கூட்ட மேசையிலே நான்கு ஒலிவாங்கிகளும், கூரைத்தட்டிலே பதிக்கப்பட்ட இரண்டு தட்டை ஒலிவாங்கிகளும், இவையனைத்தையும் ஒன்றிணைக்கும் ஒலிச் செயலி ஒன்றும் வந்து சேர்ந்தன.

இக்கருவிகள் பழைய ஒலிவாங்கிகளைப் போன்றவை அல்ல. ஒவ்வொன்றும் ஒரு சிறு கணினி. குரலை விநாடிக்கு 48,000 முறை அளந்து எண்களாக்கி, கணினி வலையமைப்பிற்குரிய சாதாரண வயரிலேயே அனுப்பிவிடுகிறது. தனக்கு வேண்டிய மின்னையும் அதே வயரிற் பெற்றுக்கொள்கிறது. 2006இல் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரிலே தொடங்கப்பட்ட ஓடினேற் நிறுவனத்தின் ‘டான்ரே’ என்னும் முறை இத்துறையிற் பரவலாக வழங்குகிறது. கருவிகள் யாவும் ஒரே கடிகாரத்துக்கு இசைந்து இயங்க வேண்டும். ஒரு கருவி தலைமைக் கடிகாரமாக நிற்க, ஏனையவை அதனைப் பின்பற்றும். மிருதங்கத்தின் காலப்பிரமாணம் பிசகினால் கச்சேரி என்னவாகுமோ அதுவே இங்கும் நிகழும்.

கூரை ஒலிவாங்கியின் திறமை அதனுள் இருக்கும் பல சிறு செவிகளிலே தங்கியுள்ளது. ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 343 மீற்றர் செல்கிறது. பத்து சென்ரிமீற்றர் இடைவெளியிலுள்ள இரு செவிகளுக்குப் பக்கவாட்டிலிருந்து வரும் குரல் ஒரு மில்லி விநாடியின் பத்தில் மூன்று பங்களவு முன்பின்னாகச் சென்றடையும். இந்நுண்ணிய பிந்தல்களைக் கணித்துக் கூட்டினால் ஒரு திசையின் ஒலி பெருகும். ஏனைய திசைகளின் ஒலி ஒன்றையொன்று நலித்துவிடும். கணினித் திரையிலே மண்டபத்தின் வரைபடத்தை விரித்து, இவ்விடத்துக் குரலைக் கேள் என்று ஒரு பெட்டி வரைந்தால், கருவி அதற்குள் மட்டுமே செவிகொடுக்கும். இப்பெட்டியை வரைபவர் யார், எங்கிருந்து வரைகிறார் என்பதிலேதான் இக்கட்டுரைக்குரிய விடயம் தொடங்குகிறது.

கோப்பாய் மண்டபத்திற்கான பெட்டிகள் கொழும்பில் வரையப்பட்டன. வரைந்தவர் ஊரின் பிள்ளையே. ஸ்பீக்கர்காரருக்குத் தம்பி மகன் முறை. தொழிலிலே கெட்டிக்காரர். அவருக்கு அனுப்பப்பட்ட வரைபடத்தில் மேசை இருந்தது, கதிரைகள் இருந்தன. வாசலோரத்து மரவாங்கு இல்லை. கூட்டங்களுக்கு வரும் வயதான பெண்கள் மேசையை அண்டுவதில்லை; அவ்வாங்கிலேதான் இருப்பார்கள். வாசற்பக்கம் வீதிச் சத்தம் வருமென்பதால் அப்பகுதியைப் பெட்டிக்கு வெளியே விட்டது தொழில்முறைப்படி சரியான செயலே எனலாம். எவரும் எவருக்கும் தீங்கு நினைக்கவில்லை.

முதலாவது கூட்டத்திலே வளவின் மூலையிலுள்ள கிணற்றைத் தூர்த்து வாகனம் நிறுத்த இடம் அமைப்பது என்ற பிரேரணை வந்தது. அக்காணியை வாசிகசாலைக்கு எழுதிக் கொடுத்தவரின் மனைவி அன்று வாங்கில் இருந்தார். உறுதியிலே எழுதப்படாத நிபந்தனை ஒன்று அவருக்குத் தெரியும்: அயலார் அக்கிணற்றிலே தண்ணீர் அள்ளுவதை எக்காலத்தும் தடுக்கக்கூடாது என்று கணவர் வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். உவர் ஏறிய கிணறுகள் மலிந்த குடாநாட்டில் நல்ல தண்ணீர்க் கிணறு இலேசான சொத்தன்று. 1996இல் இடம்பெயர்ந்து திரும்பிய குடும்பங்கள் பல முதலில் வாளி இறக்கியதும் அக்கிணற்றிலேதான். சாட்சியாக இருந்த ஏனையோர் இறந்துவிட்டனர். அந்த நிபந்தனை இன்று அவர் குரலிலே மட்டுந்தான் உயிரோடிருக்கிறது.

அவர் பேசினார், மெதுவாகவே பேசினார். மண்டபத்தில் இருந்தோர் ஓரளவு கேட்டனர். தலைவர் திரையை நோக்கி, ஆட்சேபம் உண்டா என்று வினவினார். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்தவர்களுக்கு வந்தது மின்விசிறி அடங்கிய சுத்தமான அமைதி. ஆட்சேபம் இல்லையென்றே அவர்கள் கைதூக்கினர். பிரேரணை நிறைவேறிற்று.

ஸ்பீக்கர்காரர் அன்று மண்டபத்துக்குள் இருக்கவில்லை. கால் நோவென்று வீட்டிலிருந்தபடியே பேரனின் தொலைபேசியிற் கூட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பழக்க தோஷம் என்றும் சொல்லலாம்: அவர் எப்போதும் ஊரெல்லையில் நின்று கேட்பவர். ஒருவர் பேசும்போது மண்டபம் ஊமையாவதை அவருடைய செவி கண்டுகொண்டது. அடுத்த நாட் காலை பொல்லை ஊன்றிக்கொண்டு வந்து வாங்கையும் கூரையையும் மாறிமாறிப் பார்த்தார். மகன்முறையான பொறியியலாளரும் அவ்வார இறுதியிலே கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தார்.

“ஆச்சியை மேசையடிக்கு வரச் சொன்னால் சரிதானே, பெரியப்பா” என்றார் அவர்.

“அவ வரமாட்டா, தம்பி. மைக்தான் அங்கை போகவேணும்.”

அதன்பின் நடந்த வேலை மூன்று நாள் பிடித்தது. பெரியவர் தொலைபேசியோடு வீதியிலே நின்று கேட்பார். இளைஞர் வாங்கில் இருந்து, ஆச்சியின் அளவுக்குக் குரலைத் தாழ்த்திப் பேசுவார். பெட்டியை வாங்குவரை நீட்டியது அரை மணி நேர வேலைதான். எனினும் குரல் வரவில்லை. வந்தாலும் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. இதற்குக் காரணம் மண்டபமே. நீளம் 10 மீற்றர், அகலம் 6, உயரம் 3.5 என அமைந்த அந்த 210 கன மீற்றர் அறையிலே சீமெந்துத் தரையும் பூசிய சுவருமே எங்கும். ஒலியை உறிஞ்சும் பொருளில்லை. அமெரிக்கரான சபைன் 1890களின் இறுதியில் வகுத்த சூத்திரத்தின்படி கணித்தால் அங்கு எழும் ஒலி முற்றாகத் தேய்வதற்கு ஏறத்தாழ 2 விநாடி செல்லும். அத்தகைய அறையிற் பேசுவோரின் வாயிலிருந்து சுமார் 60 சென்ரிமீற்றருக்கு அப்பால் நேரே வரும் குரலைவிடச் சுவர்களில் மோதித் திரும்பும் குரலே மிகுதி. மேசை ஒலிவாங்கி அரை மீற்றரில் இருக்கிறது. கூரையிலிருப்பதோ இரண்டேகால் மீற்றருக்கு மேல். கருவி எவ்வளவு கெட்டித்தனமானதாயினும் இத்தூரத்தை விலைகொடுத்து வாங்கமுடியாது. முப்பது சதுர மீற்றர் தடித்த திரைச்சீலை தொங்கவிட்டால் எதிரொலி ஏறத்தாழ அரைவாசியாகும். நிருவாகத்தினர் முதலில் இதற்குச் சிரித்தார்கள். பின்பு பணம் ஒதுக்கினார்கள்.

இரண்டாவது தடை இன்னும் நுட்பமானது. பல ஒலிவாங்கிகள் ஒருங்கே திறந்திருந்தால் அறையின் இரைச்சலும் கூடும். எண்ணிக்கை இரட்டிக்குந்தோறும் 3 டெசிபல், ஆறும் திறந்தால் ஏறத்தாழ 8. ஆகவே குறித்த அளவுக்குமேல் ஓசை எழுந்தாலன்றி வாயிலைத் திறவாதே என்று செயலிக்குக் கட்டளை இட்டிருந்தார்கள். அளவை நிர்ணயித்த நாளிலே மின்விசிறிகள் முழு வேகத்திற் சுழன்றன போலும். வாயில் மிக உயரத்தில் அமைந்துவிட்டது. உரத்த தொண்டை அதனை எட்டும், தளர்ந்த தொண்டை எட்டாது. பொறியியலாளர் அம்முறையை நீக்கி, அமெரிக்க ஒலியமைப்பாளர் டான் டூகன் 1970களில் வகுத்த முறையைப் புகுத்தினார். அதிலே வாயிலே கிடையாது. எல்லா ஒலிவாங்கிகளும் ஒரு மொத்தப் பெருக்கத்தைத் தம்முட் பங்கிட்டுக்கொள்ளும். ஏனையோர் வாய்மூடி இருக்கையில் மெல்லப் பேசுபவருக்கே பெரும் பங்கு கிடைக்கும்.

தொலைவிலிருந்து வரும் குரல் மண்டபத்து ஒலிபெருக்கியில் ஒலித்து, மீண்டும் ஒலிவாங்கிக்குட் புகுந்து, பேசியவரிடமே திரும்பிச் செல்லாதபடி கழிக்கும் ஏற்பாடும் இச்செயலியில் உண்டு. தானே கற்றுத் தன்னைத் திருத்திக்கொள்ளும் இவ்வகைக் கழிப்பானை 1960களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே உருவாக்கியோருள் இந்தியாவிற் பிறந்த மன் மோகன் சோந்தி முக்கியமானவர். கழிக்கவேண்டிய குரல் எதுவெனச் செயலிக்குச் சரியாகக் காட்டவேண்டும். தவறுதலாக மண்டபத்துக் குரலையே காட்டிவிட்டால் பேசுபவரையே எதிரொலியென்று கருதி அது கழிக்க முயலும். இங்கு அத்தவறு நேர்ந்திருக்கவில்லை என்பது ஓர் ஆறுதல்.

ஆறு வாரங்களின்பின் விசேட கூட்டம் கூடிற்று. அயல்நாட்டவருட் சிலருக்கு முடிந்த காரியத்தை மீளக் கிளறுவதிலே விருப்பமில்லை. ஆச்சி வாங்கில் இருந்தபடியே, கால்களைக் கூடத் திருப்பாமல், சொன்னதையே திரும்பச் சொன்னார். ரொறன்ரோவிலிருந்து ஒருவர், சிறுவயதிலே அக்கிணற்றில் தாம் குளித்ததை நினைவூட்டிச் சில கேள்விகள் கேட்டார். விவாதம் இரண்டு மணித்தியாலம் நீண்டது. கசப்பான சொற்களும் வந்தன. இறுதியிலே பிரேரணை ஒத்திவைக்கப்பட்டது, இரத்துச் செய்யப்படவில்லை. காணி கொடுத்தவரின் நிபந்தனை கூட்டக் குறிப்பிலே முதன்முறையாக எழுத்தில் ஏறியது. கிணறு இதுவரை தூர்க்கப்படவில்லை.

மண்டபத்தைக் கூட்டுவோர் வாங்கை அங்குமிங்கும் இழுத்துவிடுவதுண்டு. ஸ்பீக்கர்காரர் அதன் நான்கு கால்களையும் சுற்றித் தரையிலே வெள்ளைப் பெயின்றால் வட்டமிட்டு வைத்திருக்கிறார்.