பெட்டியிலா பழுது?

மலைநாட்டு மக்களுக்குத் தொலைக்காட்சிப் படத்தோடு மல்லுக்கு நிற்பது புதிதன்று. 1982ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் நாள் ரூபவாஹினி தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. 2524 மீற்றர் உயரமுள்ள பிதுருதலாகலை உச்சியில் கோபுரம் நின்றும், மலைமடிப்புகளுக்குள் ஒடுங்கிய லயங்களில் படம் தெளிவாக விழுவது அரிதாகவே இருந்தது. ஒருவர் கூரைமீது நின்று அன்டெனாவைத் திருப்ப, மற்றவர் உள்ளிருந்து, "வந்துவிட்டது, விடாதே!" என்று கூவுவார். குறை பெட்டியில் அன்று, படம் வரும் வழியிலேயே என்பதை அன்றே நாம் அறிந்திருந்தோம்.

கணினியைத் தொலைக்காட்சியோடு இணைக்கும் இக்காலத்தில் அந்த அறிவு நமக்குக் கைகொடுக்க வேண்டும்.

2021ஆம் ஆண்டில் நோய்த்தொற்றினாற் பள்ளிகள் மூடிக்கிடந்தன. அட்டனுக்கு அருகே என் அயல்வீட்டுப் பெண் ஒருத்தி உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். யாரோ கொடுத்த பழைய கணினியை வீட்டுத் தொலைக்காட்சியோடு எச்.டி.எம்.ஐ. வடத்தால் இணைத்துப் பாடம் கேட்டாள். ஆனால் திரையின் நான்கு ஓரங்களும் வெட்டுண்டன. ஆசிரியர் எழுதும் கடைசி வரியும், அடியிலுள்ள பொத்தான்களும் கண்ணுக்குத் தெரியவில்லை. பார்க்க வந்த கடைக்காரர், "திரை பழுது, வேறு பெட்டி வாங்குங்கள்" என்று தீர்ப்புக் கூறிச் சென்றார். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாய் என அவ்வாண்டு மார்ச் மாதத்திலேதான் நிர்ணயிக்கப்பட்டிருந்தது. புதிய பெட்டிக்கு எத்தனை நாட் கொழுந்து பறிக்க வேண்டும் என்று அவள் தாய் விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள்.

அப்பெண்ணோ கூர்மையானவள். "மாமா, சினிமா பார்க்கும்போது ஒரு குறையும் தெரியவில்லை. படிக்கும்போதுதான் வெட்டுப்படுகிறது" என்றாள். நோய்க்குக் காரணம் அந்தச் சொல்லிலேயே இருந்தது.

பழைய படக்குழாய்ப் பெட்டிகளில் ஓரங்கள் ஒழுங்காக அமைவதில்லை. அக்குறையை மறைக்க, படத்தைச் சற்றுப் பெரிதாக்கி, ஓரங்களைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடுவது அக்கால வழக்கம். இதனை ஓவர்ஸ்கேன் என்பர். படக்குழாய் மறைந்த பின்னும் பல தட்டைத்திரைப் பெட்டிகள் அவ்வழக்கத்தை விடவில்லை. சினிமாவில் ஓரத்து மரக்கிளை மறைந்தால் இழப்பில்லை. கணினியில் ஓரத்து எழுத்து மறைந்தால் பாடமே மறைகிறது. ரிமோட்டில் படத்தின் அளவைக் குறிக்கும் பகுதியைத் திறந்து, 'ஜஸ்ட் ஸ்கேன்' என்பதைத் தேர்ந்தோம். நான்கு ஓரங்களும் வந்து சேர்ந்தன. செலவு ஒரு சதமும் இல்லை. சில பெட்டிகளில் இதற்கு 'ஸ்கிரீன் ஃபிட்' என்று பெயர்.

திரை முற்றிலும் இருண்டிருந்தாலும் அஞ்ச வேண்டுவதில்லை. முதலில் ரிமோட்டின் 'சோர்ஸ்' பொத்தானை அழுத்தி, வடம் செருகிய துளையே தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். பின்பு இரண்டையும் நிறுத்தி, வடத்தைக் கழற்றி மீண்டும் செருகுங்கள். நம் ஊர் ஈரக்காற்று உலோக முனைகளை மங்கச் செய்வதுண்டு. பின்னர் வேறு துளை, அதன்பின் வேறு வடம். அதற்கும் இணங்காவிடில், பெட்டி ஏற்க முடியாத அளவிற் கணினி படம் அனுப்புகிறது என்று ஐயுறலாம். அப்போது வேறொரு திரையில் இணைத்து, 1280க்கு 720 என்ற சிறிய அளவை வைத்துப் பாருங்கள். ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது. பெட்டியின் முதுகை மட்டும் திறவாதீர்கள். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் உள்ளே மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும்.

மாணவர்களே, "எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை?" என்று கேட்கப் பழகுங்கள். அந்த ஒரு கேள்வி, தாயின் பல நாட் கூலியைக் காக்க வல்லது.